சான் சிரோவின் புதிய சொந்தக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஏசி மிலான், இன்டர் மிலான் ஆகிய இரண்டு கால்பந்துக் கழகங்களின் உரிமையாளர்களுக்கும், சான் சிரோ மைதானத்தை அவர்கள் பெயருக்கு எழுதிக்கொடுத்த இத்தாலியின் மிலான் நகர மன்றத்தாருக்கும்,

வணக்கம்.

இந்த மடல் உங்கள் மேசைக்கு வந்து சேராது என்று எனக்குத் தெரியும். தமிழில் எழுதுகிறேன், உங்கள் வக்கீல்களில் யாருக்கும் தமிழ் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இருந்தாலும் முகவரி உங்களுடையதுதான். வழியில் இதைப் பிரித்துப் படிக்கப்போகிறவர்கள், குளிர்காலத்தில் உங்கள் ஊர் இரவு 8.45 என்றால் எங்கள் ஊரில் நள்ளிரவு தாண்டி 1.15 என்று கணக்குப் போட்டுப் பழகியவர்கள். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு டிவி சத்தத்தைக் குறைத்துவைத்து, கோல் விழுந்தால் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக் கத்தியவர்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்பதைத் தவிர எனக்கு வேறு பாத்தியதை கிடையாது. மிலானுக்கு வரி கட்டியதில்லை. சீசன் டிக்கெட் வாங்கியதில்லை. வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் உங்கள் மைதானத்துக்குள் கால் வைத்திருக்கிறேன்.

ஆனால் கண் வைத்தது அதற்கு ரொம்ப நாள் முன்னால். 1990 ஜூன் 8, இரவு ஒன்பதரை. வடசென்னை வியாசர்பாடியில் எங்கள் தெருவில் டிவி இருந்த வீடுகளில் ஒன்றின் வாசற்படியில் பத்துப் பதினைந்து பேர். உலகக் கோப்பையின் முதல் ஆட்டம். மாரடோனாவின் அர்ஜென்டினா ஜெயிக்கும் என்று பந்தயம் கட்டாதவன் தெருவில் கிடையாது. ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் வானத்திலிருந்து மைதானத்தைக் காட்டினார்கள். கறுப்பு-வெள்ளைத் திரையில் அது ஒரு மைதானம் மாதிரியே தெரியவில்லை. நாலு மூலையிலும் பெரிய பெரிய உருளைத் தூண்கள், தலைக்கு மேல் ராட்சச இரும்பு உத்தரங்கள், சுற்றிலும் வரிவரியாகக் கோடுகள். "கோட்டைடா" என்றார் பக்கத்தில் இருந்த அண்ணன் ஒருவர். அன்றைக்கு ஒமாம் பியிக் தலையால் முட்டிய பந்து அர்ஜென்டினா கோல்கீப்பரின் கைகளுக்குள் போய் நழுவி உள்ளே விழுந்தது. கேமரூன் இரண்டு பேரை சிவப்பு அட்டைக்குப் பறிகொடுத்து, ஒன்பது ஆட்களோடு ஆட்டத்தை முடித்து ஜெயித்தது. எங்கள் தெருவே கேமரூன் ஆகிப்போனது. அடுத்த நாள் செருப்பை இரண்டு பக்கமும் போட்டு கோல் போஸ்ட் ஆக்கி ஆடினபோது எங்கள் முட்டுச்சந்துக்கு சான் சிரோ என்று பேர்.

அந்தக் கோட்டையைத்தான் நீங்கள் விலைக்கு வாங்கியிருக்கிறீர்கள்.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 2025 செப்டம்பர் 30, விடிவதற்கு முன்னால், ராத்திரி முழுக்க நீண்ட கூட்டத்தின் முடிவில் மிலான் நகர மன்றம் 24-க்கு 20 என்ற வாக்குக் கணக்கில் விற்பனைக்கு ஒப்புதல் கொடுத்தது. மைதானமும் சுற்றியுள்ள நிலமும் சேர்த்து 197 மில்லியன் யூரோ. பத்திரம் கையெழுத்தானது நவம்பர் 5. பக்கத்திலேயே 71,500 பேர் உட்காரும் புது மைதானம் கட்டுவது, அது முடிந்ததும் பழையதில் பெரும்பகுதியை இடித்துத் தள்ளுவது, இரண்டாம் அடுக்கில் ஒரு துண்டை மட்டும் நினைவுக்கு நிறுத்திவைப்பது என்பது உங்கள் திட்டம்.

இதில் நவம்பர் 5 என்ற தேதிதான் சுவாரசியம். இத்தாலியச் சட்டப்படி, பொதுச் சொத்தாக இருக்கும் ஒரு கட்டடம் 70 வயதைத் தாண்டினால் பண்பாட்டுச் சின்னமாகப் பாதுகாக்கப்படும் வளையத்துக்குள் வந்துவிடும். (எங்கள் நாட்டில் தேசியச் சின்னத்துக்கு 100 ஆண்டு கேட்பார்கள், உங்கள் சட்டம் தாராளம்.) சான் சிரோவின் இரண்டாம் அடுக்கு 1955-இல் கட்டி முடித்தது. அதற்கு 70 வயது நிறைவதாகக் கணக்கிடப்பட்ட நாள் 2025 நவம்பர் 10. பத்திரம் பதிவானதற்கும் அதற்கும் நடுவில் ஐந்து நாள். நல்ல நேரம் பார்த்துப் பத்திரம் பதியும் வழக்கம் எங்களுக்கு உண்டு. உங்களுக்கும் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சட்டப்படி தப்பு என்று நான் சொல்லவரவில்லை. அதைச் சொல்ல இத்தாலியில் ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்லவந்தது வேறு. நீங்கள் வாங்கியிருக்கும் பொருள் எப்படி உண்டானது என்பதை ஒரு தடவை உட்கார்ந்து பார்த்திருந்தால், அதை இடிப்பது அதன் இயல்புக்கே விரோதம் என்பது புரிந்திருக்கும்.

1925-இல் ஏசி மிலானின் தலைவராக இருந்த பியரோ பிரெல்லி, டயர்க் கம்பெனிக் குடும்பத்தவர், நகரத்தின் மேற்கு ஓரத்தில் குதிரைப் பந்தயத் திடலை ஒட்டி இந்த மைதானத்தைக் கட்டத் தொடங்கினார். கட்டடக் கலைஞர் உலிஸ்ஸே ஸ்டாக்கினி. மிலானின் அந்தப் பிரம்மாண்டமான சென்ட்ரல் ரயில் நிலையமும் அவர் வரைந்ததுதான். 1926 செப்டம்பர் 19-இல் திறப்பு விழா. மிலானும் இன்டரும் ஆடின. சொந்த வீட்டுப் புதுமனை புகுவிழாவிலேயே மிலான் 6-3 என்று தோற்றது! நாலு பக்கமும் நாலு நேரான கேலரி, சுமார் 35,000 பேர், ஓடுதளம் கிடையாது. இந்தக் கடைசி விஷயம் முக்கியம். சென்னை நேரு ஸ்டேடியத்தில் கால்பந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: நமக்கும் பந்துக்கும் நடுவில் ஓடுதளம் படுத்துக் கிடக்கும். கோல் விழுந்தது வலை அசைவதைப் பார்த்துத்தான் தெரியும். சான் சிரோவில் பந்தை உதைக்கும் சத்தம் கேட்கும். காரணம், நூறு வருஷம் முன்னால் ஒருவர் கால்பந்துக்கு மட்டும்தான் கட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்தது.

1935-இல் நகராட்சி அதை வாங்கியது. நாலு கேலரிகளையும் மூலைகளில் வளைத்து இணைத்தார்கள். பழையதில் கை வைக்கவில்லை, இடைவெளிகளை நிரப்பினார்கள். 1947-இல் இன்டரும் குடிவந்தது. 1955-இல் கூட்டம் கொள்ளவில்லை என்று முதல் அடுக்கைச் சுற்றியும் அதன் தலைக்கு மேலும் இரண்டாம் அடுக்கை எழுப்பினார்கள். மேலே ஏற மாடிப்படி வைத்தால் நெரிசல் என்று வெளிச்சுவர் நெடுகச் சரிந்து ஏறும் சாய்வுப் பாதைகளை ஓடவிட்டார்கள். 1990 உலகக் கோப்பைக்கு இன்னும் இடம் தேவைப்பட்டது. அப்போதும் பழைய கட்டடத்தின் மேல் பாரத்தை ஏற்றவில்லை. வெளியே பதினொரு கான்கிரீட் கோபுரங்களை நட்டு, மூன்றாம் அடுக்கை அவற்றின் தோளில் உட்காரவைத்தார்கள். மூலைக் கோபுரங்கள் நாலும் கூரையின் சிவப்பு உத்தரங்களைத் தாங்குகின்றன. கிழக்குப் பக்கம் மட்டும் மூன்றாம் அடுக்கு இல்லை. அந்தப் பக்கம் குதிரைப் பந்தயத் திடல் குறுக்கே நின்றது. உலகமே அண்ணாந்து பார்க்கும் மைதானம், பக்கத்து வீட்டுக்காரனுக்காக ஒரு பக்கம் தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்கிறது. எனக்கு அதன்மேல் பிரியம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மிலான்காரர்கள் ஒவ்வொரு அடுக்கையும் 'அனெல்லோ' என்பார்கள். வளையம். மரத்தின் உள்ளே வருஷத்துக்கு ஒன்றாகப் படியும் வளையம் போல என்று எடுத்துக்கொள்ளலாம். எனக்கோ ஸ்ரீரங்கத்துப் பிராகாரங்கள்தான் ஞாபகம் வந்தன. ஒரு ராஜா கட்டினதைச் சுற்றி அடுத்தவர் ஒரு மதில், அதைச் சுற்றி இன்னொருவர் ஒரு மதில். தெற்கு வாசலில் நாயக்கர் காலத்தில் அடித்தளத்தோடு நின்றுபோன ராஜகோபுரத்தை எங்கள் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக 'மொட்டைக் கோபுரம்' என்றே கூப்பிட்டார்கள். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று யாரும் கிளம்பவில்லை. 1987-இல் அதன் மேலேயே பதின்மூன்று நிலைகள் எழுப்பி 236 அடியில் முடித்தார்கள். மூன்று வருஷம் கழித்து நீங்கள் மூன்றாம் வளையத்தை முடித்தீர்கள். இரண்டும் ஒரே புத்தி. முன்னவன் விட்ட இடத்திலிருந்து பின்னவன் தொடர்வது.

இதை வைத்து நான் உங்களுக்கு உபதேசம் பண்ண முடியாது என்பதும் தெரியும். கல்வெட்டு இருந்த சுவரில் மணலைப் பீய்ச்சியடித்து எழுத்தைத் தேய்த்ததும், பழைய மண்டபத்துத் தரையைப் பெயர்த்துப் பளபளக்கும் கிரானைட் பதித்ததும் எங்கள் ஊரில்தான் நடந்தது. அதற்கும் 'திருப்பணி' என்றுதான் பேர் வைத்தோம். இழந்தவன் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மைதானத்துக்கு நான் வந்த நாளைப் பற்றி இரண்டு வார்த்தை. சில வருஷம் முன்னால் வேலை விஷயமாக இத்தாலி வந்தபோது ஒரு சனிக்கிழமை கிடைத்தது. ஊதா நிற மெட்ரோவில் கடைசி நிறுத்தத்தில் இறங்கி மேலே வந்தால் எதிரே அது நிற்கிறது. ஒரு சாதாரண லீக் ஆட்டம். எதிரணி யார், ஸ்கோர் என்ன என்பதெல்லாம் இந்தக் கடிதத்துக்குத் தேவையில்லை. என் டிக்கெட் மூன்றாம் அடுக்கு, வடக்குப் பக்கம், பச்சை இருக்கை. கைக்கெட்டிய விலை அதுதான். கோபுரத்தைச் சுற்றிச் சுற்றி ஏறும் பாதையில் நடந்தேன். நாலு சுற்று முடிந்ததும் முட்டி வலித்தது. முன்னால் ஒரு தாத்தா பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கி, கீழே எதையோ காட்டி ஏதோ சொல்லிக்கொண்டே ஏறினார். மொழி புரியவில்லை. விஷயம் புரிந்தது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் மலைக்கோட்டை ஏறும்போது அப்படித்தான் நின்று நின்று சொல்வார்கள்.

ஆட்டம் முடிந்து வெளியே வந்து தூரத்தில் நின்று திரும்பிப் பார்த்தேன். அதை எப்படிச் சொல்வது? இரண்டாம் அடுக்கின் சாய்வுப் பாதைகளில் ஆயிரக்கணக்கான ஜனம் ஒரே பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது. பாதைகள் எல்லாம் ஒரே சரிவில், அடுக்கடுக்காக, கட்டடத்தையே சுற்றி ஓடுகின்றன. ஜனம் நகர நகரக் கட்டடமே மெதுவாகத் திருகிச் சுழல்வது போல் இருந்தது. கான்கிரீட்டுக்கு உயிர் வந்துவிட்டதோ என்று ஒரு கணம் பயந்துகூடப் போனேன். 1955-இல் அதை வரைந்தவர்கள் அழகுக்காக வரையவில்லை, நெரிசலுக்காக வரைந்தார்கள். அழகு தானாக வந்து ஒட்டிக்கொண்டது. புது மைதானத்தில் எஸ்கலேட்டர் இருக்கும். வசதியாகத்தான் இருக்கும். சுழலாது.

இப்போது என்னை ரொம்ப உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். 2020-இல் இத்தாலியப் பண்பாட்டு அமைச்சகத்தின் வட்டார அலுவலகம் சான் சிரோவுக்குப் பாதுகாப்புத் தேவையில்லை என்று சொன்னது. காரணம் என்ன தெரியுமா? 1926-இன் கட்டடம் பெரிதாக எதுவும் மிச்சமில்லை, பின்னால் சேர்த்தவைதான் கண்ணுக்குத் தெரிகின்றன; சேர்த்தவற்றுக்கோ இன்னும் 70 வயது ஆகவில்லை. அதாவது, வளர்ந்ததுதான் அதன் குற்றம். 1926-இல் பிறந்தபடியே குட்டையாக நின்றிருந்தால் பாதுகாத்திருப்பார்கள். ஒவ்வொரு தலைமுறையும் வந்து தன் பங்குக்கு ஒரு வளையம் சேர்த்ததால் அது எந்தத் தலைமுறைக்கும் சொந்தமில்லாமல் போய்விட்டது. நான் எதை அதன் பெருமை என்று நினைத்தேனோ, அதையே காகிதத்தில் குறை என்று எழுதிவிட்டார்கள்.

உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. இல்லை என்று சாதிக்க மாட்டேன். நகராட்சியிடம் வாடகைக்கு இருந்துகொண்டு, ஒரு ஆணி அடிக்கவும் அனுமதி கேட்டு எத்தனை வருஷம் ஓட்டுவது? யுவென்டஸ் 2011-லேயே சொந்த மைதானத்துக்குப் போய்விட்டது. 2027 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தை முதலில் சான் சிரோவுக்குத்தான் கொடுத்தார்கள். அதுவரை மைதானமும் சுற்றுப்புறமும் ஆட்டத்துக்கு ஏதுவாக இருக்கும் என்று நகரம் உறுதி சொல்ல முடியாததால் 2024-இல் பிடுங்கிக்கொண்டார்கள். 2032-இல் யூரோ கோப்பையை இத்தாலி துருக்கியோடு சேர்ந்து நடத்தப்போகிறது. மூன்றாம் அடுக்கும் கூரையும் வந்த பிறகு வெயிலும் காற்றும் தரைக்கு வராமல் புல் செத்து, திரும்பத் திரும்பப் பெயர்த்து நட்டதும், கடைசியில் 2012-இல் செயற்கை இழை கலந்த புல்லுக்கு மாறியதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த மூன்றாம் வளையம் குறையே இல்லாத வேலை என்று நான் சொல்லமாட்டேன்.

பழையது எல்லாமே பொக்கிஷம் என்கிற கட்சியும் நானில்லை. உங்கள் மூன்றாம் அடுக்கு வந்த அதே 1990-இல், அதே உலகக் கோப்பைக்காக டூரினில் டெல்லே ஆல்பி என்று ஒன்றைக் கட்டினார்கள். சுற்றிலும் ஓடுதளம், ஆட்டக்காரர்கள் எறும்பு மாதிரித் தெரிவார்கள், பாதிக்கு மேல் காலி இருக்கை. 2009-இல் இடித்தார்கள். இருபது வயதுகூட முடியவில்லை. யாராவது அழுததாக நான் கேள்விப்படவில்லை. இடிக்கப்பட வேண்டியது எது என்று ஜனத்துக்கே தெரியும்.

ஆனால் "வேறு வழியே இல்லை" என்று நீங்கள் சொல்லும்போதுதான் இடிக்கிறது. ரியல் மாட்ரிட் 1947-இல் திறந்த தன் பெர்னபேயு மைதானத்தை விட்டு எங்கும் போகவில்லை. கொரோனா காலத்தில் ஆளில்லாத ஆட்டங்களைத் தன் பயிற்சித் திடலில் இருக்கும் சின்ன மைதானத்தில் ஆடியது. மற்றபடி வேலை ஒரு பக்கம், ஆட்டம் ஒரு பக்கம். மூடித் திறக்கும் கூரையே போட்டுக்கொண்டார்கள். பார்சிலோனா இரண்டு வருஷத்துக்கு மேல் மோன்ட்யுயிக் குன்றின் மேல் இருக்கும் ஒலிம்பிக் மைதானத்தில் ஒண்டுக்குடித்தனம் இருந்துவிட்டு, 2025 நவம்பரில் கேம்ப் நோவுக்குத் திரும்பி வந்தது. தாமதம், செலவு, திட்டு எல்லாம் உண்டு. ஆனாலும் திரும்பி வந்த இடம் பழைய இடம். உங்கள் நாட்டிலேயே ஃப்ளாரன்ஸில் பியர் லூயிஜி நெர்வி 1930-களில் கட்டிய மைதானத்தை இடிக்க அங்குள்ள கழகம் கேட்டபோது அரசு முடியாது என்று சொல்லிவிட்டது. இப்போது அதைப் புதுப்பிக்கும் வேலை நொண்டி நொண்டி நடக்கிறது. நொண்டுவதைப் பார்த்துத்தான் நீங்கள் பயந்தீர்களோ என்னவோ. 2024-இல் ஓர் இத்தாலியக் கட்டுமான நிறுவனம், ஆட்டத்தை நிறுத்தாமலே சான் சிரோவைப் புதுப்பிக்கலாம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. கட்டுப்படியாகாது என்றீர்கள்.

கட்டுப்படி என்பது எதற்கு என்பதுதான் கேள்வி. பழையதில் 75,000-க்குச் சற்று மேல் இருக்கை. புதியதில் 71,500. பெரிதாகக் கட்டவில்லை, சிறிதாகக் கட்டுகிறீர்கள். கணக்குப் போடத் தெரிந்த யாருக்கும் இது புரியும்: குறைவான இருக்கைகள், தலைக்கு அதிகக் காசு, விருந்தினர் கூடங்கள், கண்ணாடி அறைகள். கால்பந்து இன்றைக்கு அப்படித்தான் நடக்கிறது, உங்களை மட்டும் பழிக்க முடியாது. ஆனால் அந்தக் கணக்கில் காணாமல் போகப்போகிறவர் யார் என்று எனக்குத் தெரியும். திருப்பத்துக்குத் திருப்பம் நின்று மூச்சு வாங்கிய அந்தத் தாத்தா. மூன்றாம் அடுக்கு என்பது கான்கிரீட்டில் செய்த ஒரு விலை. அந்த உயரத்தில் உட்கார்ந்தால் ஆட்டக்காரர் முகம் தெரியாது, ஆட்டம் முழுக்கத் தெரியும், பணம் குறைவு. புது மைதானத்தின் வரைபடத்தில் அந்த விலைக்கு இடம் எங்கே இருக்கிறது என்று எந்த அறிவிப்பிலும் நான் பார்க்கவில்லை.

இடித்தாலும் எப்படி இடிப்பது என்பதற்கும் முன்மாதிரி உண்டு. லண்டனில் ஆர்சனல் 2006-இல் ஹைபரியை விட்டுப் போனபோது கிழக்குக் கேலரியின் முகப்பு சட்டப் பாதுகாப்பில் இருந்ததால் அதை அப்படியே விட்டு உள்ளே வீடுகள் கட்டினார்கள். ஆடுகளம் இருந்த இடம் குடியிருப்பவர்களின் தோட்டம். அழகாக இருக்கிறது என்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு சம்மதமில்லை. முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு வயிற்றை எடுத்துவிட்ட மாதிரி. லிவர்பூலில் நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. எவர்டன் 1892-இலிருந்து ஆடிய குடிசன் பார்க்கை விட்டு 2025-இல் ஆற்றங்கரைக்குப் போனது. பழையதை இடித்துவிட்டு வேறு ஏதாவது கட்டுவதாகத்தான் முதலில் பேச்சு. கடைசியில் அந்தக் கழகத்தின் பெண்கள் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். மைதானம் மைதானமாகவே இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். ஆண்கள் போனால் ஆட்டமே போய்விட்டது என்று அர்த்தமா என்ன? உங்கள் இரண்டு கழகங்களுக்கும் பெண்கள் அணி இருக்கிறது. ஒரு பேச்சுக்காவது அவர்கள் பெயரை எடுத்திருக்கலாம்.

இந்த மைதானத்தில் இன்னொன்று இருக்கிறது. அது எந்தப் பத்திரத்திலும் விலை போடாதது. ஜென்ம விரோதிகள் இரண்டு பேர் கிட்டத்தட்ட எண்பது வருஷமாக ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள். வடக்கு வளைவு இன்டருக்கு, தெற்கு வளைவு மிலானுக்கு. பேரில்கூட ஒத்துப்போகவில்லை: 1980-இல் ஜுசெப்பே மியாட்சாவின் பெயரை வைத்தார்கள். இரண்டு கழகத்துக்கும் ஆடியவர், ஆனால் இன்டரின் செல்லப்பிள்ளை. அதனால் மிலான் ரசிகர்கள் இன்றுவரை பேட்டையின் பேரைச் சொல்லி சான் சிரோ என்றே கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே எழுதிவிட்டேன். இன்டர் ரசிகர்கள் மன்னிக்க வேண்டும். 2003 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் இந்த இரண்டு அணிகளும் மோதின. முதல் ஆட்டம் 0-0, அடுத்தது 1-1. இரண்டும் இதே புல்லில். மொத்தம் சமமானால் எதிரணி மண்ணில் போட்ட கோலுக்கு மதிப்பு அதிகம் என்ற அன்றைய கணக்கில் மிலான் இறுதிக்குப் போனது. ஒரே மண்ணை ஒரு நாள் தன் மண் என்றும் மறுவாரம் எதிரி மண் என்றும் எண்ணும் அந்தக் கணக்கை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. 2005-இல் வாணவேடிக்கைக் குழல் ஒன்று மிலான் கோல்கீப்பர் டிடாவின் தோளில் விழுந்து ஆட்டம் நின்றபோது, புகைக்கு நடுவில் இன்டரின் மாட்டராட்ஸி, மிலானின் ரூய் கோஸ்டா தோளில் முழங்கையை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தபடி நின்றார். அந்தப் படத்தைப் பார்க்காத கால்பந்து ரசிகன் இருக்க மாட்டான். விரோதிகள் அப்படி நிற்க முடிந்தது ஒரே வீட்டுக்காரர்கள் என்பதால்தான் என்று நான் நினைக்கிறேன். புது வீட்டிலும் சேர்ந்தே இருக்கப்போகிறீர்கள் என்பதில் எனக்கு நிம்மதிதான். அதற்கு மட்டும் நன்றி.

சரி, என்ன கேட்கிறேன்?

விற்றது விற்றதுதான். பத்திரத்தைக் கிழிக்கச் சொல்லவில்லை. ஆனால் இடிக்கும் நாள் இன்னும் வரவில்லை. புதியது எழுந்து முடியும்வரை பழையதில்தான் நீங்கள் ஆடியாக வேண்டும். அது பல வருஷம். பழைய மைதானங்கள் பலவற்றுக்குக் கிடைக்காத அவகாசம் அது: புதியது பக்கத்திலேயே முழுசாக எழுந்து நின்ற பிறகும் பழையது நிற்கும். இரண்டையும் ஒன்றாகப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். அந்த வாய்ப்பைத் தயவுசெய்து வீணாக்காதீர்கள். இடிப்பதற்கு முன்னால் இன்னொரு முறை நகர மன்றத்தில் அதைப் பேசுங்கள். இந்தத் தடவை பகல் வெளிச்சத்தில்.

மன்றத்தாரிடம் தனியாக ஒரு வார்த்தை. 2026 குளிர்கால ஒலிம்பிக்கின் தொடக்க விழாவுக்கு எந்த இடம் என்று உலகம் கேட்டபோது நீங்கள் கைகாட்டியது இந்த மைதானத்தைத்தான். விருந்தாளிக்குக் காட்டப் பெருமையாக இருந்தது, வீட்டில் வைத்துக்கொள்ளப் பழசாகிவிட்டதா?

துண்டை மட்டும்தான் நிறுத்துவோம் என்று பிடிவாதமாக இருந்தால், அந்தத் துண்டு எது என்பதையாவது எங்கள் வாயால் கேளுங்கள். 1955-இன் சாய்வுப் பாதை வேண்டும். ஒரு கோபுரமும் அதைச் சுற்றி ஏறும் வழியும் வேண்டும். கண்ணாடிக்குள் வைத்த அருங்காட்சியகப் பொருளாக வேண்டாம். கடைத் தொகுதியின் வாசல் அலங்காரமாகவும் வேண்டாம். யார் வேண்டுமானாலும் காலால் ஏறி, மூச்சு வாங்க நின்று, கீழே கைகாட்டிப் பேரனிடம் கதை சொல்ல முடிந்ததாக இருக்கட்டும். புது மைதானத்தில் ஆக உயரத்தில் ஒரு பகுதிக்குப் பழைய மூன்றாம் அடுக்கின் விலையைக் கட்டிவையுங்கள். பெயர்ப்பலகையில் போடுவதைவிட அது நல்ல நினைவுச் சின்னம்.

கடைசியாக ஒன்று, இது செலவில்லாதது. 2026 செப்டம்பர் 19 அன்று உங்கள் மைதானத்துக்கு நூறு வயது. விழா எடுப்பீர்களோ, கூச்சத்தில் சத்தமில்லாமல் விட்டுவிடுவீர்களோ, தெரியாது. அன்று ஒரு நாள் மட்டும் டிக்கெட் கேட்காமல் கதவைத் திறந்துவிடுங்கள். ஆட்டம் வேண்டாம், பேச்சு வேண்டாம், பாட்டு வேண்டாம். மிலான்காரர்கள் வந்து அந்தப் பாதைகளில் மேலே ஏறி, சாயங்காலம் எல்லோரும் ஒன்றாகக் கீழே இறங்கட்டும். நீங்கள் இரண்டு கழகத்து முதலாளிகளும் தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று, ஜனம் இறங்கி முடியும்வரை அதைப் பாருங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் அடுக்கு, பச்சை இருக்கையில் ஒரு முறை உட்கார்ந்த
வியாசர்பாடிக்காரன்